ஒன்றாம் எண் கூண்டு

அன்புள்ள அக்கா,

வணக்கம். உங்கள் கட்டுரைகளை மூன்று வருஷமாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு வயது 31. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை பாண்டியில், கணக்குப் பிரிவில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். சின்ன வயதிலிருந்தே எனக்குத் திக்குவாய். ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தமிழ்ப் பாடத்தை எழுந்து படிக்கச் சொன்னார்கள். முதல் வார்த்தையே 'ம'வில் ஆரம்பித்தது. உதடு மூடியது மூடியபடியே நின்றுவிட்டது. பின் பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், வண்டி ஸ்டார்ட் ஆகல, கிக்கரை உதைக்கணும்" என்றான். வகுப்பே சிரித்தது. சாரும் சிரித்தார். அன்றிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் கிக்கர். நான் பேச வாயெடுத்தாலே நாலு பேர் காலால் உதைத்துக் காட்டுவார்கள்.

அப்புறம் நான் பேச்சையே குறைத்துக்கொண்டேன். கல்யாணம், காதுகுத்து எதற்கும் போகமாட்டேன். போன் வந்தால் எடுக்காமல் மெசேஜ் அனுப்புவேன். பஸ்ஸில் மஞ்சக்குப்பம் என்று கேட்க வாய் வராது, அதனால் "கடைசி" என்று சொல்லி கடலூர் பஸ் ஸ்டாண்டுக்கு டிக்கெட் எடுத்து, முன்னாடியே இறங்கிவிடுவேன். பல வருஷம் அப்படித்தான்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்தபோது, தெருப் பையன்களோடு சேர்ந்து சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனேன். அதில் நாலு பேர் பழக்கமானார்கள். இப்போது காலையில் அவர்களோடு சில்வர் பீச்சில் நடக்கிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் என் பகுதியை நானே சொல்கிறேன். கல்யாணமும் ஆகிவிட்டது, எட்டு மாதம். எனக்கே என்மேல் ஒரு நம்பிக்கை வந்திருந்தது.

போன வாரம் சாயங்காலம் மனைவியோடு பாண்டி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். "டேய் கிக்கர்!" என்று ஒரு சத்தம். கூடப் படித்தவன். ஓடி வந்து, மனைவி எதிரிலேயே காலால் உதைத்துக் காட்டினான். எனக்குக் கை கால் எல்லாம் சில்லிட்டுவிட்டது. ஏதோ பேசினேன். நம்பர் வாங்கிக்கொண்டான். பொங்கல் லீவில் பழைய மாணவர்கள் எல்லாம் ஸ்கூலில் கூடப்போகிறார்களாம், கட்டாயம் வரவேண்டும் என்றான். பஸ்ஸில் ஏறி, திக்கித் திணறி ரெண்டு மஞ்சக்குப்பம் வாங்கினேன். "ஏன் உங்களை அப்படிக் கூப்பிட்டாரு?" என்று மனைவி கேட்டாள். தூங்குவது மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன்.

17 வருஷம் கழித்து ஒரே ஒரு வார்த்தை என்னை மறுபடி ஒன்பதாம் வகுப்பில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், இந்த ஒரு வருஷத்தில் நான் மாறியதெல்லாம் பொய்யா அக்கா? அந்தக் கூட்டத்துக்கு நான் போகவேண்டுமா? "மன்னிச்சு மறந்துடு" என்கிறார் அம்மா. முடியவில்லை.

பெயர் வேண்டாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு வாசகன்

*

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டபடியே பெயரை எடுத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் கவனிக்காமலே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேயே கண் நின்றுவிட்டது. "திக்கித் திணறி ரெண்டு மஞ்சக்குப்பம் வாங்கினேன்." திக்கியதற்காக வெட்கப்பட்டு எழுதிய வரி அது. ஆனால் பல வருஷமாக அந்த ஊர்ப்பெயரைச் சொல்ல முடியாமல் "கடைசி" என்று சொல்லி, கூடுதல் காசு கொடுத்து, முன்னாடியே இறங்கிப் போனவர் நீங்கள். அன்றைக்கு அப்படி ஒரு அடி வாங்கிய அஞ்சாவது நிமிஷத்தில், பக்கத்தில் மனைவி நிற்க, கூட்டமான பஸ்ஸில், அதே 'ம'வை வாயில் எடுத்திருக்கிறீர்கள். "கடைசி" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம், அது பழகிய வழிதான். நீங்கள் அந்த வழியில் போகவில்லை. பொய்யாக மாறியவருக்கு அன்றைக்கு அந்த வார்த்தை வந்திருக்காது.

பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் என் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. பலாவும் முந்திரியும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவே கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும், உங்களுக்கு அப்போது 17 வயது. மாமாவின் தோப்பில் ஒரு மரம் நிற்கவில்லை. அவருடைய அப்பா வைத்த பலா வேரோடு புரண்டு கிடந்தது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு எங்கள் யாருடனும் பேசாமல் இருந்தார். அடுத்த வருஷமே கன்று வைத்தார். இன்றைக்கு அதெல்லாம் காய்க்கிற மரங்கள். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று டிவியில் சொன்னால் போதும், மனுஷர் ராத்திரி டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய்விடுவார். ஒவ்வொரு மரமாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அத்தை என்ன சொன்னாலும் கேட்கமாட்டார்.

துறைமுகத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஒன்றாம் எண் கூண்டு என்றால் எங்கோ தூரத்தில் கடலில் மோசமான காற்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். இங்கே வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரிய ஆபத்துக்கு வேறு எண்கள் இருக்கின்றன, பத்து வரைக்கும். மாமாவுக்கும் இது தெரியும். ஆனாலும் ஒன்றாம் எண்ணுக்கே அவர் உடம்பு பத்தாம் எண் கூண்டை ஏற்றிவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, அவர் வைத்த மரங்கள் வளரவே இல்லை என்று யாராவது சொல்வார்களா தம்பி? பாண்டி பஸ் ஸ்டாண்டில் உங்கள் உடம்பு ஏற்றியதும் அப்படி ஒரு கூண்டுதான். கை கால் சில்லிட்டது உண்மை. காலையில் சில்வர் பீச்சில் நாலு பேரோடு பேசிக்கொண்டே நடப்பதும் உண்மை. இதை வைத்து அதை அழிக்க வேண்டாம்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை எங்கேயும் எழுதாதது.

எனக்குப் பதினோரு வயது இருக்கும். கடலூர் முதுநகரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம், நாங்கள் பாண்டியிலிருந்து போயிருந்தோம். முகூர்த்தம் முடிந்து முதல் பந்தி. அம்மா எங்கேயோ உள்ளே வேலையாக இருந்தார். நானே போய் உட்கார்ந்துகொண்டேன், பெரிய மனுஷி மாதிரி. இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். உப்பு, ஊறுகாய், பச்சடி, ஒரு ஜாங்கிரி வைத்துக்கொண்டு போனார்கள். ஜாங்கிரியில் ஒரு ஓரம் கடித்திருப்பேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து என் தோளுக்குக் கீழே பிடித்துத் தூக்கியது. பெரியம்மா முறை. "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க நிக்கிறாங்க, நீ அப்புறம் சாப்பிடலாம், எழுந்திரு." சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. என் இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனார்கள், சாப்பிட்டு முடித்த இலையை மடிப்பது மாதிரியே. கடித்த ஜாங்கிரி அதற்குள் போயிற்று. அந்த இடத்தில் புது இலை விழுந்தது. பட்டுச் சட்டை போட்ட ஒருவர் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்தார்.

அவ்வளவுதான். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்குப் புரிந்தது ஒன்றுதான்: எழுப்பிவிடக்கூடிய ஆள் நான். அந்த எண்ணத்தோடு பள்ளிக்கூடம், காலேஜ், முதல் வேலை எல்லாம் போனேன். ஆபீஸில் ஒரு நாற்காலியில் உட்கார்வதற்கு முன்னால் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பேன். கடையில் எனக்குப் பின்னால் வந்தவர் முதலில் வாங்கிக்கொண்டு போவார், நான் நின்றுகொண்டே இருப்பேன். யாராவது என்னிடம் கருத்துக் கேட்டால், கேட்டவர் வேறு யாரையோ கேட்க நினைத்துத் தவறி என்னைக் கேட்டுவிட்டார் என்று தோன்றும். கல்யாணங்களுக்கு மொய் மட்டும் கொடுத்தனுப்புவேன். நீங்கள் "கடைசி" என்று டிக்கெட் வாங்கியது எனக்கு எவ்வளவு நன்றாகப் புரிகிறது தெரியுமா.

அது எப்படி மாறியது என்று கேட்டால், வடலூரில் மாறியது. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதில் ஒரு மாதப் பூசத்துக்குத் தோழி ஒருத்தி கூப்பிட்டாள் என்று போனேன். வள்ளலார் 1867இல் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறதே, அந்தத் தருமசாலைதான். தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பரிமாற ஆள் போதவில்லை. யாரோ ஒருவர் "அம்மா, கொஞ்சம் பிடிங்க" என்று சாம்பார் வாளியையும் கரண்டியையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நீ யார், எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்கவில்லை. வாளியோடு நின்றால் குனியத்தானே வேண்டும், குனிந்தால் முகத்தைப் பார்க்கத்தானே வேண்டும். பார்த்தேன். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்று கேட்டேன். ஒரு பெரியவர் இலைக்கு மேலே கையை விரித்து, "போதும்மா, நீ சாப்ட்டியா?" என்றார். அந்தப் பந்தியில் கடைசி ஆள் எழுந்திருக்கும்வரை யாரும் யாரையும் எழுப்பவில்லை. அன்றைக்கு நூறு பேரிடமாவது பேசியிருப்பேன். சாயங்காலம் பஸ்ஸில் திரும்பும்போதுதான் அது எனக்கே உறைத்தது.

பேச்சு வராதவர்களுக்கு "தைரியமாப் பேசு" என்பது மாதிரி உபயோகமில்லாத யோசனை வேறு இல்லை. கையில் ஒரு வேலையைக் கொடுத்தால் போதும், பேச்சு பின்னாலேயே வரும். உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது. பெண்ணையாற்று வெள்ளத்தில் பொட்டலம் கொடுக்கப் போனபோது, எந்த எழுத்து எங்கே மாட்டும் என்று நினைக்க உங்களுக்கு நேரம் இருந்திருக்காது.

ஆனால் நான் முழுசாகச் சரியாகிவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். இன்றைக்கு ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் என்னால் பேச முடியும். ஆனாலும் கல்யாண மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க யாராவது என் நாற்காலியின் முதுகில் கை வைத்தால், சோறு தொண்டையில் நின்றுவிடுகிறது. ஐம்பது வயதுக்கு மேலே, இப்போதும். போன ஆவணியில்கூட நடந்தது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, ரசம் சாதத்தை முடித்து, மோரும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

மன்னிப்பு பற்றி அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாக்கள் அப்படித்தான் சொல்வார்கள், பிள்ளை மனசு வேகக்கூடாது என்கிற தவிப்பு அது. ஆனால் மன்னிப்புக்குத் தவணை வைக்க முடியாது. அந்தப் பெரியம்மா இன்று இல்லை. இலை மடித்ததைப் பற்றிக் கடைசிவரை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மன்னித்தேனா என்று எனக்குத் தெரியாது. அவர் படுக்கையில் கிடந்தபோது இரண்டு வாரம் கஞ்சி ஊட்டியிருக்கிறேன். அப்போதும் அந்தக் கையைப் பார்த்தால் ஜாங்கிரி ஞாபகம் வரும். ஊட்டுவதை அதற்காக நிறுத்தவில்லை. உங்கள் கோபமும் அப்படி ஒரு ஓரத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அது தீர்ந்தால்தான் நான் பேசுவேன், அது தீர்ந்தால்தான் நாலு இடத்துக்குப் போவேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பதினாலு வயதுப் பையன்கள் சிரித்ததுகூட எனக்கு ஓரளவு புரிகிறது. சாரும் சிரித்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. அவர் அன்றைக்கு "உட்காருங்கடா" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால், அந்தப் பெயர் அந்த மணி அடிப்பதற்குள் செத்திருக்கும். நான் ஆசிரியர்களை மதிக்கிறவள். அதனாலேயே இதை மூடி மறைத்து எழுத முடியவில்லை.

அந்த நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் பட்டப்பெயர் என்றால் பாசம் என்றுதான் சொல்வார்கள். அவரும் பாசத்தோடுதான் ஓடி வந்திருப்பார். பாசம் நிஜமென்றால் அந்தப் பெயரை விடச் சொன்னால் விட்டுவிடுவார். நம்பர் இருக்கிறது. போன் வேண்டாமென்றால் மெசேஜே போதும்: "டேய், உன்ன பார்த்ததுல சந்தோஷம். அந்தப் பேரு மட்டும் வேணாம். என் பேரைச் சொல்லிக் கூப்பிடு." இதற்கு விளக்கம், காரணம் எதுவும் சேர்க்காதீர்கள். சிரிப்புப் பொம்மையும் போடவேண்டாம். அது ஒரு சாதாரண வேண்டுகோள், சாதாரணமாகவே போகட்டும். அவர் என்ன பதில் போடுகிறார் என்பதை வைத்தே அந்தக் கூட்டத்துக்குப் போவதா என்று பாதி முடிவாகிவிடும்.

மீதிப் பாதி: அந்த வகுப்பில் நீங்கள் பார்க்க ஆசைப்படும் முகம் ஒன்றாவது இருக்கிறதா? சிரிக்காமல் இருந்த ஒருவன், நோட்டு கொடுத்த ஒருவன்? இருந்தால் அவருக்காகப் போங்கள். யாரும் இல்லையென்றால் பொங்கலன்று வீட்டிலேயே இருங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. நான் எப்படி மாறிவிட்டேன் பார் என்று காட்டுவதற்காக மட்டும் போகவேண்டாம். அவர்கள் முன்னால் தேர்வு எழுதப் போகிற மாதிரி ஆகிவிடும், தேர்வு என்றால் 'ம' கண்டிப்பாக மாட்டும். போவதாக இருந்தால் முன்கூட்டியே ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு, சாப்பாடு, எதுவானாலும். கணக்குத் தெரிந்த ஆள் கிடைத்தால் விடவே மாட்டார்கள்.

திக்குவாய் பற்றியும் கொஞ்சம். பயந்த சுபாவத்தால் வருவது, அறிவுக் குறைவால் வருவது என்பதெல்லாம் தவறு. பெரும்பாலும் இரண்டிலிருந்து ஐந்து வயதுக்குள் ஆரம்பிக்கிறது, ஆண் பிள்ளைகளுக்கு அதிகம், சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது. திக்குகிறவர்கள் பாடும்போதும் பலரோடு சேர்ந்து சொல்லும்போதும் பெரும்பாலும் திக்குவதில்லை. அவசரப்படுத்தினால் கூடும். பேச்சுப் பயிற்சியாளர்கள் இதற்கென்று இருக்கிறார்கள். பாண்டி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரித்தால் வழி சொல்வார்கள். 31 வயதில் போய் என்ன பிரயோஜனம் என்று நினைக்காதீர்கள். திக்குவது முழுசாக நிற்காமல் போகலாம், ஆனால் திக்கும்போது உடம்பு இறுகாமல் இருக்கப் பழக்குவார்கள். அதுவே பெரிய நிம்மதி.

கடைசியாக உங்கள் மனைவி. அவர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை நீங்கள். கண்ணை மூடிக்கொண்டது தூக்கமில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கும், தம்பி. எட்டு மாதம் கூட இருந்தவர், உங்கள் திக்கு அவருக்குப் புதுசில்லை. அந்தப் பெயர் மட்டும்தான் புதுசு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினத்துக்கு நடந்துபோய், அந்த ஒன்பதாம் வகுப்புக் கதையைச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், எத்தனை இடத்தில் மாட்டினாலும் மாட்டட்டும். "கடைசி" என்று டிக்கெட் வாங்கிய கதையையும் விட்டுவிடாதீர்கள். எனக்குச் சொன்னதை முதலில் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மாசி மகத்தன்று பாண்டி வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகனிலிருந்து எத்தனையோ சுவாமிகள் கடலுக்கு வருவார்கள், கூட்டம் தெருவெல்லாம் நிற்கும். அங்கே நாங்கள் சில பேர் வருஷா வருஷம் நீர்மோர் கொடுக்கிறோம். பத்து மணிக்கு மேல் வெயில் ஏற ஏற ஆள் போதாது. முடிந்தால் இருவரும் வாருங்கள். மோர் அண்டாவுக்குப் பக்கத்தில் சொம்பும் கரண்டியும் கூடுதலாக வைத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா